அடைத்தது நான்தான்

அன்பு மருமகளுக்கு,

உன் மாமா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் சிங்கம் மாதிரி இருக்கிறேன். உன் அத்தை என்னைவிட ஒரு படி மேல். வாய் மட்டும் இரண்டு படி. உன் மகள்தான் வகுப்பில் முதல் ஆள். டீச்சரே இவளிடம்தான் கணக்குக் கேட்டுத் தெரிந்துகொள்கிறாராம். போன மாதம் பதினோரு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்படியும் முதல் ஆள்.

போனில் பேசினால் பாப்பா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் படுக்கிற அறையின் மூலையில் நீ போன லீவுக்கு வந்திருந்தபோது உள்ளங்கை அளவுக்குக் கருப்பாகப் பூஞ்சை இருந்ததே, அது இப்போது கட்டில் தலைமாடு வரை இறங்கிவிட்டது. அத்தை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கிறாள். நாலே நாளில் மறுபடி பூக்கிறது. இன்ஹேலர் மருந்தை இழுத்தாலும் பாப்பாவின் நெஞ்சில் விசில் நிற்பதில்லை. டாக்டரம்மா என்னைக் கண்டதும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். சரி, உட்கார்ந்தபடிதான். மருந்தை மாத்திப் பிரயோஜனம் இல்லை பெரியவரே, அறையை மாத்துங்க என்றார்.

விடுவேனா? வீட்டுக்காரரைப் போய்ப் பிடித்தேன். மனுஷன் வெலவெலத்துப் போய்விட்டார். வெலவெலத்துக்கொண்டே, ஈரத்துணியை உள்ளே காயப்போட்டா சுவர் பூக்காம என்ன செய்யும், காத்து வர்ற மாதிரி வச்சுக்கிறது குடியிருக்கிறவங்க வேலை என்றார். எங்கிருந்து வரும் காற்று? பின்பக்கம் குடோன் கட்டியபோது அந்த அறைக்கு இருந்த ஒரே வென்டிலேட்டரையும் செங்கல் வைத்து அடைத்தது அவருடைய கொத்தனார். தெருவுக்கே தெரியும்.

நகராட்சிக்கு மனு எழுதிப் போட்டேன். சுகாதார ஆய்வாளர் வந்தார், வீட்டுக்காரரும் கூடவே வந்தார். அத்தை வேலைக்குப் போயிருந்தாள். அங்கேதான் சனி உட்கார்ந்தது. ஆய்வாளர் வென்டிலேட்டரை அடைத்த இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, பூச்சு கண்ணாடி மாதிரி இருக்கே, யார் அடைச்சது என்றார். ஒரு பொருளை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என் கை தானாக நெஞ்சுக்குப் போய்விடும், உனக்குத் தெரியாததா? நான்தான் சார், ஒத்தை ஆளா, அரை நாள்ல என்றேன். கொத்துக்கரண்டி பிடிக்கிற விதத்தையும் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். நானும் கீழே மூன்று கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. திறக்க அவருக்கு என்ன அவசியம்?

அறிக்கையை அத்தைதான் படித்தாள். காற்றுவழியை அடைத்தவர் குடியிருப்பவர், சரிசெய்யும் பொறுப்பும் அவருடையதே என்று இருந்தது. நானே உடைக்கிறேன் என்று சுத்தியலோடு நின்றேன். என் குடோன் சுவர்ல கை வச்சா போலீசுக்குப் போவேன், பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க என்கிறார் அவர். மூன்று வாரம் வேறு வீடு தேடினோம். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில் இரண்டே இரண்டுதான் இருந்தன. அந்த இரண்டிலும் குழந்தை இருமியதைக் கேட்டதும் வேறு ஆள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

திரும்பவும் ஆய்வாளரிடம் போய், நான் சொன்னது பொய் சார் என்றேன். அவர் நம்பவில்லை. கரண்டி பிடிச்சுக் காட்டினீங்களே பெரியவரே என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்றோடு அத்தை என்னிடம் பேச்சை நிறுத்தியவள்தான், பன்னிரண்டு நாளாகிறது. பாப்பாவை வாசல் கதவை ஒட்டிப் படுக்க வைக்கிறோம். படுக்க எங்கே, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறாள். உதடு சில நேரம் ஒரு மாதிரி நீலமாகிறது. தாத்தா, அம்மா வீட்டுல ஜன்னல் இருக்கா என்று கேட்டாள். நாலு இருக்கு, உன் கட்டிலுக்கு நேரா ஒண்ணு, அம்மா சீக்கிரம் டிக்கெட் அனுப்பப் போறா என்று சொல்லிவிட்டேன்.

நீ ஆறு பேரோடு ஒரே அறையில் இருப்பது எனக்குத் தெரியும், தாயே. அங்கே கம்பெனியில் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் உன் மேலாளரை இன்னொரு தடவை கேட்டுப் பார். மாமா வாயிலிருந்து வந்ததில் இந்த ஒன்றையாவது உண்மையாக்கிவிடு.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இரு.

இப்படிக்கு,
உன் மாமா