இரண்டு ஊரும் சேர்ந்து விடியும் நாள்

ராஜபாளையம்
23 செப்டம்பர் 2026

அன்புள்ள அத்தானுக்கு,

வெங்கடேஸ்வரி எழுதுவது. நானும் ரஞ்சனியும் அத்தையும் நலம். லடாக்கில் குளிர் தொடங்கியிருக்கும், டியூட்டியில் நிற்கும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

நேற்றே விடியலைப் பார்க்க மொட்டைமாடி ஏறிவிட்டேன். போன வருஷமும் முந்தின வருஷமும் 22ஆம் தேதிதானே! நீங்கள் 23 என்று எழுதியதும், குளிரில் மனுஷனுக்குத் தேதி குழம்பிவிட்டது என்று சிரித்தேன். இன்றைக்கும் ஏறினேன். "ஏட்டி, ரெண்டு நாளா மேல என்னத்தத் தேடுத?" என்று அத்தை கேட்டார்கள். உங்கள் மகனைத்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது.

கல்யாணம் முடிந்த ஆவணியில், அய்யனார் கோவில் ஓடையில் காலை நனைத்துக்கொண்டு சொன்னீர்களே: லடாக்கின் லே நகரம் நம் ஊருக்கு நேர் வடக்கே இருக்கிறது, கோடையில் அங்கே முந்தி விடியும், மார்கழியில் பிந்தி விடியும், பகலும் இரவும் சமமாகும் நாளில் மட்டும் இரண்டு ஊரும் சேர்ந்து விடியும் என்று. அந்தப் புரட்டாசியிலேயே போனைக் காதில் வைத்துக்கொண்டு, வந்துருச்சு வந்துருச்சு என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். எம்புட்டுச் சந்தோஷம்! இப்போது நீங்கள் இருக்கும் உச்சியில் போனும் எடுப்பதில்லை.

தேதி ஏன் மாறுகிறது என்று நீங்கள் எழுதியது நேற்று மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. பூமி சூரியனைச் சுற்றிவர 365 நாள் போக, இன்னும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகிறது. அதனால் அந்தச் சமமாகும் நேரம் வருஷா வருஷம் அவ்வளவு பிந்துகிறது. போன வருஷம் 22ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால், இந்த வருஷம் 23 விடியற்காலை. லீப் வருஷத்தில் ஒரு நாள் கூடுவதால் 2028இல் பழையபடி 22க்கு வந்துவிடும். சரி. அதே வரியில், அப்போது நானும் ஊருக்கு வந்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே! வருகிற தையில் பென்ஷனோடு வருகிறேன் என்றவர்தானே நீங்கள்? இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்கப் போவதை இப்படியா எனக்குச் சொல்வது? கடிதம் வந்த அன்று கோபத்தில் சாப்பிடவே இல்லை.

காலண்டர்கூட விட்டுப்போன நேரத்தை நாலு வருஷத்துக்கு ஒரு தரம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. எனக்கு யார் கொடுப்பார்கள்? ரஞ்சனி இன்று சூரியனைப் பார்த்து, அப்பா டாட்டா என்று கையசைக்கிறாள். அழுகையை அடக்க முடியவில்லை.

அத்தான், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் வீட்டில் இருந்தால் அந்த நாள் எந்தத் தேதியில் வந்தால் என்ன? விடிந்தது தெரியாமல் மூன்று பேரும் தூங்குவோம்.

அய்யனார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
வெங்கடேஸ்வரி