இடைவேளை வரை

ஜூன் 9, ஞாயிறு

சில்வண்டே,

நீ அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பொய் எழுதியிருக்கிறாய்.

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் அப்புறம் கேட்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல். அந்த லாரிக்காரன் கடைசியில் லாரிக்கு மாலை போட்டு, தங்கையை முன்சீட்டில் உட்காரவைத்து, மணமேடைக்கே ஓட்டி வந்தான் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். "பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அழுதார்கள், நான் மட்டும் அழவில்லை" என்று பெருமை வேறு. அடிப்பாவி! இடைவேளை முடிந்து முதல் காட்சியிலேயே அந்தத் தங்கை போட்டோவாகச் சுவரில் தொங்குகிறாள். செத்தவள் எந்த வழியாக மணமேடைக்கு வந்தாள்?

போன வாரம் உன் மாமாவோடு போய்ப் பார்த்தேன். பார்த்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் உன் கல்யாணக் காட்சியை நம்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

வேலைக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. வாரத்துக்கு ஒருமுறை வார்டன் அறையிலிருந்து பேசுகிறாய். "நல்லா இருக்கேன்க்கா, நல்லா இருக்கேன்க்கா" என்று கிளிப்பிள்ளை மாதிரி. பின்னால் பத்துப் பேர் வரிசையில் இருமுவது கேட்கிறது. அதனால்தான் கடிதம் எழுது என்றேன். கடிதத்திலும் பொய் என்றால் உன்னை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

அக்கா

*

ஜூன் 16, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பிடித்துவிட்டாய். சரி, கேள்.

மாதத்தில் ஒரு நாள் கூட லீவு போடாதவர்களைக் கம்பெனி படத்துக்குக் கூட்டிப்போகிறது. 'ஊழியர் மகிழ்ச்சி நாள்' என்று பேர். நாற்பத்தெட்டுப் பேர், ஒரு பஸ். தியேட்டர் வாசலில் போஸ்டருக்குக் கீழே நிற்கவைத்து, டிக்கெட்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுப்பார்கள். "பல்லு தெரியணும், பல்லு தெரியணும்" என்று எச்.ஆர். சார் கத்துவார். அந்தப் போட்டோ கம்பெனிப் பத்திரிகையில் வரும். போட்டோ எடுத்தாயிற்றா, அவர்கள் வேலை முடிந்தது.

இடைவேளை விளக்கு எரிந்ததும் வெளியே ஹாரன் அடிக்கும். நாலரை மணி ஷிப்ட்டுக்கு நாங்கள் உள்ளே இருக்க வேண்டும். எல்லாரும் பாப்கார்ன் வாங்க எழுந்தால் நாங்கள் வீட்டுக்கு எழுந்துகொள்கிறோம். வீடு என்றா எழுதினேன்? ஹாஸ்டலுக்கு. முதல் தடவை கதவருகே நின்ற டார்ச்சுக்காரர், "படம் பிடிக்கலையாம்மா?" என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. ஒதுங்கி வழிவிடுகிறார்.

இதுவரை நான்கு படம் பார்த்தேன். நான்கும் பாதி. யார் கொலைகாரன் என்று எனக்குத் தெரியாது. யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாது. நான் பார்த்தவர்கள் எல்லாருமே சிக்கலில் மாட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறார்கள்.

பொய் எழுதியது ஏன் என்று கேட்பாய். முழுப் படம் பார்க்கிறவள் நன்றாகத்தான் இருப்பாள் என்று நீ நினைப்பாய். அதற்காகத்தான்.

வேலை இதுதான்: போன் கேமராவின் கண்ணாடிச் சில்லு ஒன்று வரும். விளக்குக்குக் கீழே பார்க்க வேண்டும். தூசி இருந்தால் சிவப்புப் பொத்தான், இல்லாவிட்டால் பச்சை. ஒன்றுக்கு ஆறு வினாடி. நாள் முழுக்க கேமரா பார்க்கிறேன். கேமரா உள்ள போன் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இல்லை. சிரிப்பு வந்தால் சிரி.

லாரிக்காரன் என்ன ஆனான்? எழுது.

உன் சில்வண்டு

*

ஜூன் 27, வியாழன்

என் கண்ணே,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றே படித்தேன். அடுப்பில் இருந்தது தீய்ந்துவிட்டது. உன் மாமா கேட்டார், "என்ன எழுதியிருக்கா?" படத்துக்குக் கூட்டிப்போகிறார்களாம் என்றேன். "பாத்தியா, நாம எங்க மாசா மாசம் போறோம்? அவதான் ராணி" என்றார். அவர் சிநேகிதர் மூலமாகக் கிடைத்த வேலை அல்லவா, அவருக்கு அதில் ஒரு பெருமை.

இனிமேல் ஒன்று செய்வோம். முதல் பாதி உன்னுடையது, பின்பாதி என்னுடையது. நீ பார்த்த படத்தை நானும் எப்படியாவது பார்த்து எழுதிவிடுகிறேன். அம்மா போன பிறகு உன்னை மடியில் வைத்துக்கொண்டு படம் பார்த்தவள்தானே நான். வெட்டுக்குத்து வந்தால் உள்ளங்கையால் உன் கண்ணைப் பொத்திக்கொண்டு காதில் கதை சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? "இப்ப என்னக்கா, இப்ப என்னக்கா" என்று அரிப்பாய். அதனால்தானே உனக்கு இந்தப் பெயர்.

லாரிக்காரன் கதை கேள். தங்கையை வேலைக்கு வைத்திருந்த மில் முதலாளிதான் கிடங்கைப் பூட்டினான் என்று கண்டுபிடிக்கிறான். தீப்பிடித்தபோதும் திறக்கவில்லை. கேஸ் போடுகிறான். சாட்சி சொல்ல ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் காவல்காரனின் மனைவி கூண்டில் ஏறிச் சாவியைக் காட்டுகிறாள். முதலாளி உள்ளே போகிறான். கிடங்கை இடித்து அங்கே ஒரு பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள், தங்கையின் பெயரில். லாரிக்காரன் மணி அடிக்கிறான். அவ்வளவுதான். நல்ல முடிவு.

கண்ணுக்குத் தண்ணீர் விட்டுக் கழுவு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஜூலை 14, ஞாயிறு

அக்காவுக்கு,

நீயும் பார்க்கவில்லை.

எங்கள் அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். வாய் ஓயாது, ரேடியோ என்று கூப்பிடுகிறோம். வேலைக்கு வருவதற்கு முன் அந்தப் படத்தை இரண்டு தடவை முழுசாகப் பார்த்தவள். நீ எழுதிய பள்ளிக்கூடத்தை நான் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். ரேடியோ கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தப் பள்ளிக்கூடம்டி? எங்க இருந்துச்சு?"

முதலாளிக்கு ஜாமீன் கிடைக்கிறதாம். லாரிக்காரன் வக்கீலுக்காக லாரியை விற்கிறானாம். கடைசிக் காட்சியில் அதே லாரியை வேறொருவன் ஓட்டிப் போகிறான், பின்னால் பாவாடையும் பையுமாகப் பத்துப் பெண்கள், அதே மில் கேட்டுக்குள். கேட் மூடுகிறது. படம் முடிகிறது.

எனக்கு இருபது வயது. இன்னும் என் கண்ணைப் பொத்திக்கொண்டு இருக்கிறாய்.

பொத்தினாலும் பிரயோஜனம் இல்லை. என் கண்ணில் ஒரு புள்ளி வந்துவிட்டது. போன படத்தில் கதாநாயகியின் கன்னத்தில் அது இருந்தது. என் கட்டைவிரல் தானாக நாற்காலிக் கைப்பிடியை அழுத்தியது, சிவப்புப் பொத்தான் என்று நினைத்து. படம் முழுக்க, அதாவது பாதி முழுக்க, அழுத்திக்கொண்டே இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை எனக்கு அடுத்த மேசைக்காரி மயங்கி விழுந்தாள். பாத்ரூம் போக நாற்பது பேருக்கு ஒரு டோக்கன், அதனால் அவள் தண்ணீரே குடிப்பதில்லை. லைன் நிற்கவில்லை. அவள் முன்னால் வந்த சில்லுகளையும் சேர்த்து நான் பார்க்க வேண்டும் என்று சூப்பர்வைசர் கைகாட்டினார். பார்த்தேன் அக்கா. அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது நான் பச்சை அழுத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எச்.ஆர். சாரிடம் வேலையை விடுகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "தாராளமா போம்மா. சேர்க்கும்போது பாதுகாவலர்னு கையெழுத்துப் போட்டது யாரு? அவங்க அடையாள அட்டையோட நேர்ல வரணும். வந்து கையெழுத்துப் போட்டாத்தான் சர்டிபிகேட் தருவோம், வெளிய விடுவோம். உங்க பாதுகாப்புக்குத்தான்." என் சான்றிதழ்கள் அவர் இரும்பு அலமாரியில் இருக்கின்றன. ஓட்டுப் போட எனக்கு வயது ஆகிவிட்டது. என்னை நானே கூட்டிக்கொண்டு போக ஆகவில்லை.

கையெழுத்துப் போட்டது நீ. வா.

சில்வண்டு

*

ஜூலை 24, புதன்

சில்வண்டுக்கு,

திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

பள்ளிக்கூடம் நான் கட்டியதுதான். படத்தின் கடைசிப் பத்து நிமிடம் எனக்கு எப்போதுமே தெரியாது. கல்யாணம் ஆனதிலிருந்து எந்தப் படத்துக்கும் தெரியாது. முடிகிற நேரம் உன் மாமா எழுந்துவிடுவார். "இப்ப கெளம்பினாத்தான் வண்டியை எடுக்க முடியும், எல்லாரும் வந்துட்டா மாட்டிக்குவோம்" என்பார். எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள், நானும் குனிந்துகொண்டே வந்துவிடுவேன். வெளியே வந்தால் ஸ்டாண்டில் எங்கள் வண்டி மட்டும் தனியாக நகரும். வழியெல்லாம் முடிவை நானே யோசித்துக்கொண்டு வருவேன். நல்லதாகத்தானே யோசிப்பார்கள்?

நீ கேட்டதைப் பற்றி. ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு. என் பேரைச் சொல்லிச் சேத்திருக்கேன்" என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. அன்றைக்கு அவருக்குத் தலைவலியும் இருந்தது.

என் அடையாள அட்டை அவர் பீரோவில் இருக்கிறது. நான் எங்கேயாவது வைத்துத் தொலைத்துவிடுவேன் என்று எடுத்து வைத்தார். சாவி அவர் வண்டிச் சாவியோடு இருக்கும். பத்திரமாகத்தான் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார்.

கொஞ்ச நாள் பொறு கண்ணே. கண் டாக்டரிடம் காட்டச் சொல்லி வார்டனிடம் கேள்.

அக்கா

*

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அக்கா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எச்.ஆர். சாரும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். பத்திரமாக இருக்கிறது. அவரிடம் இரும்பு அலமாரி, மாமாவிடம் பீரோ. இரண்டு பேருக்கும் நம்மைத் தொலைத்துவிடக் கூடாது என்று எவ்வளவு கவலை பார்.

உன் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது வேறு மாதிரிக் கோபமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு. பார்வையாளர் நாள். பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை. ஒரே பஸ், நான்கு மணி நேரம். மாமாவிடம் பொய் சொல், நமக்கு அது வராத வித்தையா? கையெழுத்து மட்டும் போடு. உன் வீட்டுக்கு வந்து உட்காரமாட்டேன். ரேடியோவின் அத்தை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள், அங்கே ஆள் கேட்கிறாள்.

சில்வண்டு

*

ஆகஸ்ட் 14, புதன்

என் கண்ணே,

வருகிறேன்.

அந்த ஞாயிறு அவருக்கு வெளியூர் வேலை. பக்கத்து வீட்டு அக்காவோடு மாட்னிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "போயிட்டு வா, கதை சொல்லு" என்றார். என்ன கதை சொல்வது என்று நீதான் எழுதிக்கொடுக்க வேண்டும். காலையில் அவர் குளிக்கப் போகும்போது சாவி மேசையில் இருக்கும். ஐந்து நிமிடம் போதும். நீலப் புடவை கட்டிக்கொண்டு வருவேன், தூரத்திலேயே தெரியும்.

எழுத்து கோணலாக இருக்கிறது. பயத்தில் இல்லை. சிரிப்பாகக்கூட வருகிறது.

அக்கா

*

ஆகஸ்ட் 25, ஞாயிறு
கேட் அறை

அக்கா,

மணி நான்கு ஐம்பது. பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். வாட்ச்மேன் நல்லவர். பதிவேட்டில் பென்சிலால் முன்கூட்டியே எழுதி வைத்தார்: வருபவர், அக்கா. உள்ளே வந்த நேரம் என்ற இடம் மட்டும் காலி. ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும், "இதுல வந்துடுவாங்கம்மா" என்றார். மதியத்துக்கு மேல் சொல்வதை நிறுத்திவிட்டார். மூன்று நீலப் புடவைகள் இறங்கின. எதிலும் நீ இல்லை.

இன்றைக்குப் படம் நாளும் கூட. என் டிக்கெட்டை ரேடியோவுக்குக் கொடுத்திருந்தேன். இடைவேளையோடு பஸ்ஸில் திரும்பி வந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார்கள். யாரும் கையசைக்கவில்லை.

ஐந்து மணி. வாட்ச்மேன் ரப்பரால் அழிக்கிறார். "அடுத்த தடவை இன்னொருத்தருக்கு எழுதணும்மா, கோவிச்சுக்காத" என்கிறார்.

என்ன ஆயிற்று?

சில்வண்டு

*

செப்டம்பர் 15, ஞாயிறு

அக்கா,

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக வார்டன் அறையிலிருந்து கூப்பிடுகிறேன். மூன்று தடவையும் மாமாதான் எடுத்தார். "அவ குளிக்கிறா" என்கிறார். மூன்று வாரமாகவா குளிக்கிறாய்? இன்றைக்குக் கேட்டேவிட்டேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "உன் அக்காவுக்கு இப்பல்லாம் படம் பாக்குற ஆசையே போயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாவியை எடுக்கும்போது பார்த்துவிட்டாரா? எடுக்கவே இல்லையா? பஸ் நிலையம் வரைக்கும் வந்து திரும்பிவிட்டாயா? எல்லா முடிவையும் யோசித்துப் பார்த்துவிட்டேன். உன்னைப் போல நல்லதாக யோசிக்க எனக்கு வரவில்லை.

எனக்குக் கையெழுத்துப் போட வர முடியாவிட்டால் போகட்டும். நான் வேறு வழி தேடுகிறேன், வேலியில்லாத இடம் ஒன்றுகூடவா இருக்காது? ஆனால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இத்துடன் ஒரு தபால் அட்டை வைத்திருக்கிறேன். முகவரி நானே எழுதிவிட்டேன். பின்புறம் இரண்டு வார்த்தை இருக்கிறது: கையில், பீரோவில். உன் அடையாள அட்டை எங்கே இருக்கிறதோ அதை விட்டுவிட்டு மற்றதை அடித்துவிடு. கதை வேண்டாம். பள்ளிக்கூடம் வேண்டாம். ஒரு கோடு போதும்.

அதை மாமா கையில் கொடுத்துப் போடச் சொல்லாதே. தபால் பெட்டி உங்கள் தெருமுனையில்தான் இருக்கிறது, வாசலிலிருந்து அறுபது அடி. நான் அளந்திருக்கிறேன். செருப்பை மாட்டிக்கொண்டு நீயே போ. யாரிடமும் கேட்டுக்கொண்டு போகாதே.

போ அக்கா.

சில்வண்டு