வெந்நீரைக் கொட்டியவள் நான்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தொலைபேசி ஆபரேட்டர்,
ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) பிரிவின் முன்னாள் நோயாளி, பதிவு எண் 418.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
மறுவாழ்வு சிகிச்சைக் கல்லூரி.

பொருள்: மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் மருத்துவமனைப் பயிற்சியில் தோல்வி என்று அறிவிக்கப்பட்டதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனு என்றால் அடுத்தவர் மேல் எழுதுவதுதான் வழக்கம். இதை நான் பெரும்பாலும் என் மேலேயே எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள், மூன்று நிமிடத்துக்குள் பேச்சை முடிக்கச் சொல்லியே பிழைத்தவள். இதை மட்டும் சுருக்க முடியவில்லை, பொறுத்தருள வேண்டும்.

2. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து என் வலக்கை செயலிழந்தது. தங்கள் மாணவி ஆறு வாரப் பயிற்சிக்கு வந்தபோது நான் அவர் பொறுப்பில் விடப்பட்டேன். முதல் நாள் எல்லோருக்கும் கொடுக்கும் துணி கிளிப்புகளைத்தான் எனக்கும் கொடுத்தார். விரல் அசையவில்லை. "வேலைக்குப் போனப்ப கையால என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். அதுவரை எந்த டாக்டரும் அதைக் கேட்டதில்லை. விளக்கு எரியும் துளையில் பிளக்கைச் செருகி லைன் கொடுப்பேன் என்றேன். மறுநாள் ஒரு பலகையில் துளைகள் போட்டு, கடையில் வாங்கிய வயரும் பிளக்குமாக வந்து நின்றார். ஐயா, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

3. எங்கள் நீண்ட அறை, வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலிகள், காதை அழுத்தும் ஹெட்செட், விளக்கு எரிந்ததும் தானாக எழும் கை, எல்லாம் அப்படியே கண் முன் வந்தன. பக்கத்து நாற்காலிக்காரி பொல்லாத வாய்க்காரி. வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுப் பேசும் புது மாப்பிள்ளைகளைப் பற்றி, "மூணு நிமிஷத்துல ரெண்டரை நிமிஷம் 'அப்புறம், அப்புறம்'னே போகுதுடி" என்பாள். இந்தக் கதைகளைச் சொல்லிக்கொண்டே பிளக்கைச் செருகுவேன்; மாணவி சிரித்துக்கொண்டே இன்னும் நாலு துளை தள்ளி வைப்பார். கை மெல்ல மெல்ல அந்தத் துளைகளை எட்டத் தொடங்கியது. அந்த ஆறு வாரமும் எனக்கு இருபத்தைந்து வயதுதான். இவையெல்லாம் மனுவுக்குத் தேவையற்றவை என்பதை அறிவேன்.

4. ஆறாம் வாரம் சமையலறைச் சோதனை. அந்தப் பிரிவிலுள்ள சின்னச் சமையலறையில் நோயாளி தானே டீ போட்டுக் காட்ட வேண்டும். தேறினால் 'தனியாக வாழலாம்' என்று அறிக்கை தருவார்கள். தேறாவிட்டால் என் வீட்டைப் பூட்டி, என்னைத் தன்னோடு அழைத்துப்போவதாக மகன் சொல்லியிருந்தான். தங்கமான பிள்ளைதான். ஆனால் என் சமையலறை ஜன்னலருகே நின்றபடிதான் என் கணவர் தினமும் பேப்பர் படிப்பார், பாதிச் செய்தியை எனக்கு உரக்க வாசிப்பார். அவர் போய் ஒன்பது வருடமாகியும் அந்த ஜன்னலைத் திறக்காமல் நான் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை.

5. சூடான எதையும் நோயாளி கையாளும்போது மேற்பார்வையாளர் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அன்று மேற்பார்வையாளர் அம்மாவை அவசரமாக வார்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாணவி முக்கால் மணி நேரம் காத்திருந்தார். வேறு நாளுக்குத் தள்ளினால் அன்று கை ஒத்துழைக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். மாணவி தண்ணீர் குடித்துவிட்டு வந்ததும், "மேடம் இப்பத்தான் எட்டிப் பாத்தாங்க. ஆரம்பிக்கச் சொல்லிட்டுப் போனாங்க" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வயதானவள் பேச்சை அவர் நம்பினார்.

6. நாற்காலியில் உட்கார்ந்தபடி கெட்டிலைத் தூக்கினேன். மணிக்கட்டு மடங்கிவிட்டது. என் மடியில் கொட்டவிருந்த வெந்நீருக்குக் குறுக்கே மாணவி தன் கையை நீட்டினார். என் மேல் ஒரு சொட்டுப் படவில்லை. அவர் கை வெந்து கொப்புளம் கண்டது. சத்தம் கேட்டு ஓடிவந்த மேற்பார்வையாளர், "யாரு ஆரம்பிக்கச் சொன்னது?" என்று கேட்டார். மாணவி என்னை ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நான்தான் மேடம்" என்றார்.

7. பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அன்று மாலையே மேற்பார்வையாளர், தான் அறையில் இல்லாததை மறைக்கவோ என்னவோ, என் அறிக்கையில், 'நோயாளி தானாக டீ தயாரித்தார், நேரில் கண்டேன்' என்று கையெழுத்திட்டார். மாணவியின் பதிவேட்டில் 'அனுமதியின்றிச் செயல்பட்டார்' என்று எழுதியதாக அவருடைய வகுப்புத் தோழி மூலம் அறிந்தேன். இரண்டு தாளையும் தாங்கள் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மேற்பார்வையாளர் அறையில் இருந்தார் என்றால் மாணவியை ஏன் தடுக்கவில்லை? இல்லை என்றால் எதை நேரில் கண்டார்? ஆயினும் அவர் கெட்டவர் அல்லர். ஒருவர் தலையில் மூன்று வார்டையும் நான்கு மாணவிகளையும் கட்டினால் அவர்தான் என்ன செய்வார்?

8. மாணவி செய்ததும் சரி என்று வாதாட வரவில்லை. என் மேல் இரக்கப்பட்டு உண்மையை மறைத்தார். அந்த இரக்கத்தால் வீடு திரும்பிய நான் இதுவரை இரண்டு முறை கொதிக்கும் பாத்திரத்தை நழுவவிட்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. தங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

9. ஆகவே, மாணவியின் தோல்வியை நீக்கி அவருக்கு மீண்டும் ஆறு வாரப் பயிற்சி அளிக்கவும், மேற்பார்வையாளரைத் தண்டிக்காமல் அவருடைய பாரத்தைக் குறைக்கவும், என் அறிக்கையை ரத்து செய்து எனக்கு மறுசோதனை வைக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுசோதனையில் கெட்டில் நழுவினால் நழுவியது என்றே எழுதச் சொல்லுங்கள். நாளைக்கே மனம் மாறி இம்மனுவைத் திரும்பப் பெற வந்து நிற்பேனோ என்று என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் இதன் நகலை இன்று காலையே என் மகனுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நாள்: மார்ச் 12, வியாழக்கிழமை
இடம்: இப்போதைக்கு, என் வீடு

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
பதிவு எண் 418