பாதி இறங்கிய ஷட்டர்

மயிலாடுதுறை
10.1.2025

அன்புள்ள நுஸைபா,

போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். நம்ம சின்னக் கடைத்தெருவுக்கு உயிர் வந்திருக்கிறது, டி. பூட்டிக் கிடந்த பதினாலு கடையில் பதிமூணு திறந்தாச்சு. கூரை இடிந்த மருந்துக்கடையில்கூடப் புகழேந்தி செல்போன் கடை போட்டிருக்கிறான். என் பாத்திரக்கடையை ஒட்டி உன் வீட்டுக்காரர் ஜாஃபர் அண்ணன் கைலிக்கடை மட்டும் அவர் தவறிப்போன நாளிலிருந்து ஏழு வருஷமாக இருட்டு. உள்ளே யாரோ தட்டுகிறார்கள். பட்டப்பகலில் எனக்குக் கேட்கிறது. சாவியை அனுப்பு, திறந்து விளக்குப் போட்டுவிடலாம்.

உன்
மேகலா

ஷார்ஜா
28.1.2025

என் மேகலாவுக்கு,

மகள் வீட்டில் சுகம். குளிருக்கு முட்டிதான் வலிக்கிறது. ஏழு வருஷத்தில் இப்போதுதான் உனக்கு ஒரு கடிதம் போடத் தோன்றியது, போ.

சாவி என் தலையணைக்கடியில் இருக்கிறது, தரமாட்டேன். அவங்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் விழுந்தது மதியம் என்று டாக்டர் சொன்னார். சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்வரை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஷட்டர் பாதி இறங்கிக் கிடந்ததாம். வியாபார நேரத்தில் அதை இறக்கியது யார்? அது தெரியாமல் கடையை யார் கையிலும் கொடுக்க மனசு வரவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்லேன், டி.

துஆவுடன்
நுஸைபா

மயிலாடுதுறை
9.2.2025

நுஸைபா,

நான்தான் இறக்கினேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காவிரிக்கரைக்கு ஒரு சவ ஊர்வலம் போனது. பிணம் தெருவைத் தாண்டும்வரை எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்குவோமே, அப்படித்தான். அண்ணன் நாற்காலி காலியாக இருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார் என்று அவர் ஷட்டரையும் இறக்கினேன். ஊர்வலம் போனதும் என்னுடையதைத் தூக்கினேன். அவருடையதை அவரே வந்து தூக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தட்டுகிற சத்தம் அப்போதே கேட்டது. என் கடை ஆள் குடத்தில் உளியால் தட்டிப் பேர் வெட்டுகிறான் என்று நினைத்தேன். குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் இத்தனை வருஷம் வாயே திறக்கவில்லை. மன்னிச்சுடு, டி.

மேகலா

ஷார்ஜா
2.3.2025

திருமதி மேகலா அவர்களுக்கு,

ஊருக்கு வரும் மகளிடம் சாவியைக் கொடுத்தனுப்புகிறேன். கடையை யாருக்கு வேண்டுமானாலும் விடுங்கள். தெரு பிழைக்கட்டும்.

நீங்கள் தெரிந்து செய்யவில்லை என்று புரிகிறது. உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன், கை வரவில்லை. அவங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது உங்கள் மடியில் தலையை வைத்துத்தான் அழுதேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

நுஸைபா