சிவப்பு வண்டியின் கிளட்ச்

செப்டம்பர் 3, புதன்

குழாயில் தண்ணீர் ஏழரைக்குத்தான் வந்தது. இரண்டு வாளி பிடித்தேன். ஒரு ஆளுக்கு அது போதும்.

என் வீட்டுக்காரருடைய வேலை நோட்டில், கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் அவர் கையெழுத்து. அங்கே இன்னும் திருப்பவில்லை. ஆறாவது வரை படித்தவள், பிழை இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்.

மஹாதேவன் சார் போன் செய்தார். எங்கள் ரிப்பேர் ஷெட்டில் நிற்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சாருடையது. "பதினாலாம் தேதி ஞாயித்துக்கிழமை லாரி அனுப்பறேன். பெரிய ஒர்க்‌ஷாப்ல பாத்துப்பா. நீ சிரமப்படாதேம்மா."

சரி சார் என்று சொல்லிவிட்டேன். வண்டி போய்விட்டால் எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும்.

செப்டம்பர் 4, வியாழன்

எழுதித்தான் ஆகவேண்டும்.

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கள் சாயங்காலம். மழை, கரண்ட் இல்லை. அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "பூங்கோதை, அலமாரில இருக்க பாட்டில எடுத்து கிளட்ச் டப்பாவுல கொஞ்சம் ஊத்து" என்றார். அலமாரியில் இரண்டு பாட்டில். இரண்டும் பழைய தண்ணீர் பாட்டில்தான். ஒன்றில் பெரிய டின்னிலிருந்து ஊற்றி வைத்த பிரேக் ஆயில், கிளட்ச்சுக்கும் அதுதான். இன்னொன்றில் முருகன் படத்துக்கு ஏற்றுகிற நல்லெண்ணெய். இருட்டில் கைக்கு வந்ததை எடுத்து ஊற்றினேன். மற்றதை விளக்கில் ஊற்றி ஏற்றினேன். விளக்கு படபடவென்று வெடித்து அணைந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது டாக்குரியா பாலத்து ஏற்றத்தில் கிளட்ச் மிதி தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. இறங்கித் தள்ளியிருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

வண்டியை நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டார்கள். டாக்டர் ஹார்ட் என்றார். எல்லாரும் ஹார்ட் என்றார்கள். விளக்குல போனது பிரேக் ஆயில்னா, கிளட்ச்சுல நான் எதை ஊத்தினேன்? அதை யாரும் கேக்கலையே.

காரியத்துக்கு வந்தவர்கள் ஷெட்டைக் கழுவி இரண்டு பாட்டிலையும் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 5

சோறு வைத்தேன். நாய்க்குப் போட்டேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

பக்கத்து டீக்கடை ரஞ்சனாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வங்காளத்தில் பேசுவாள், நான் பாதி இந்தியில். என்னை பௌதி, அண்ணி, என்றுதான் கூப்பிடுவாள். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

"திரி மழைல நனைஞ்சிருக்கும் பௌதி. விளக்கு வெடிச்சதுக்கா இப்படி அழுவுற?"

"நல்லெண்ணெய் போனா உள்ள இருக்க ரப்பர் ஊதிப்போகும் ரஞ்சனா. ஊதினா மிதி நிக்காது."

"அப்ப திறந்து பாரு. பத்தொம்பது வருஷமா அந்த ஆளுக்கு மிதி மிதிச்சுக் குடுத்தவதானே நீ."

உண்மைதான். கிளட்ச் ஆயில் குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் மேலே மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே காற்று வெளியேறுகிற நிப்பிளைத் திறக்க வேண்டும். மேலே எப்போதும் நான்தான். மிதி, பிடி, விடு. நடுவில் காலை எடுத்தால் திரும்பக் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். "நான் சொல்ற வரைக்கும் விடாத" என்று கீழேயிருந்து கத்துவார். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன் அதற்கு.

செப்டம்பர் 8, திங்கள்

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டில் அவருடைய அழுக்குத் துண்டு. மடித்துப் பக்கத்தில் வைத்தேன்.

பிறகு மிதித்தேன். முதல் மிதி காலியாகப் போனது. மூன்று நான்கு தடவை அடித்தபின் கனம் வந்தது. அப்படியே பிடித்தேன். மெல்ல, மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கீழே குனிந்து பார்த்தேன். சொட்டு ஒழுகவில்லை. மிதிக்கடியில் விரித்த துணியும் காய்ந்து கிடக்கிறது. டப்பாவில் அளவு குறையவில்லை.

வெளியே ஒழுகாமல் மிதி இறங்கினால், மிதி தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போய்விட்டது என்பார் அவர். சரி, போய்விட்டது. தேய்ந்து போனதா? நான் ஊதவைத்துப் போனதா?

செப்டம்பர் 9

டப்பா மூடியில் கை வைத்தேன். திறக்க முடியவில்லை. மூடி இறுக்கமாக ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 10, புதன்

ரஞ்சனாவிடம் மூன்று கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்து தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஒன்றில் சமையலறை நல்லெண்ணெய் ஒரு சொட்டு. மிதந்தது. ஒன்றில் டின்னிலிருந்து பிரேக் ஆயில். கலக்கினேன், கரைந்துவிட்டது. மூன்றாவதற்கு டப்பாவைத் திறந்து சிரிஞ்சால் உறிஞ்சினேன். மேலேயும் எடுத்தேன், அடியிலும் எடுத்தேன். பாதி சேலையில் சிந்தியது.

கரைந்தது. மேலே ஒரு எண்ணெய்க் கண் கூட இல்லை. மூடிக்குள் இருக்கும் ரப்பரும் ஊதவில்லை, தட்டையாக அப்படியே இருக்கிறது.

நான் இல்லை.

நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் இல்லேன்னா மட்டும் அந்த மனுஷன் எந்திரிச்சு வரப்போறாரா.

செப்டம்பர் 11, வியாழன்

நோட்டை முன்பக்கம் திருப்பினேன். அவர் எழுதிய கடைசி வரி, ஆகஸ்ட் பதினாறு:

"சிவப்பு வண்டி. மாஸ்டர் சிலிண்டர் சீல் தேஞ்சிருக்கு. கிட் வந்ததும் மாத்தணும். அதுவரை வெளிய எடுக்கக் கூடாது."

எண்ணெய் ஊற்றச் சொன்னதற்கு இரண்டு நாள் முன்பே எழுதியிருக்கிறார். தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுதான் எடுத்திருக்கார்.

ஓடிப்போய் வண்டியைத் துழாவினேன். சீட்டுக்கடியில் பொட்டலம். உள்ளே புது ரப்பர் சீல்கள், அவர் எழுதிய அந்தக் கிட். இதை வாங்கத்தான் போயிருக்கிறார், கெட்டுப்போன வண்டியிலேயே. "கிளட்ச் இல்லாமலே கியர் மாத்துவேன்டி, இஞ்சின் சத்தம் போதும் எனக்கு" என்று பெருமை அடித்துக்கொள்வார். பார்ட்ஸ் கடை இருக்க கரியாஹாட் எவ்வளவு தூரம்? ஆட்டோ கிடைக்கலையா? நடந்து போனா கால் தேஞ்சிடுமா? யாருகிட்டக் காட்டுறதுக்கு அந்தக் கெத்து? என்னை ஏன் இப்படி விட்டுட்டுப் போன?

பொட்டலத்தைத் தூக்கி எறிந்தேன். பிறகு நானே தேடி எடுத்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சாருக்கு நானே போன் செய்தேன். லாரி வேண்டாம், சீல் நான் மாற்றுகிறேன் என்றேன்.

"நீயா?"

"நீங்க வந்து மிதிச்சுப் பாருங்க சார். சரியில்லேன்னா லாரியக் கூப்பிடுங்க."

"பதினேழாம் தேதி விஸ்வகர்மா பூஜை வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

செப்டம்பர் 15

சிலிண்டரைக் கழற்றவே இரண்டு நாள். உள்ளே பழைய சீலின் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தது. புது சீலைப் பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டேன். ஒருமுறை தப்பாகத் திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றினேன். விரலெல்லாம் எரிகிறது.

செப்டம்பர் 17, புதன்

விஸ்வகர்மா பூஜை, இந்த ஊர் ஆயுத பூஜை. ஸ்டேஷன் பக்கம் பாட்டு, வானம் முழுக்கப் பட்டம்.

ரஞ்சனாவை வண்டியில் உட்கார வைத்தேன். "ஓ மா, ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கே. திரும்ப என்னை யார் தூக்கி விடுவா?" என்றாள். ஜாக்கி வைத்து நான் அடியில் படுத்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்த மிதியை நான் பார்த்ததே இல்லை.

மிதி என்றேன். பிடி என்றேன். நிப்பிளைத் திறந்ததும் குழாயில் நுரை நுரையாகக் காற்று வந்தது. பத்து தடவை, பதினைந்து தடவை.

"கால் வலிக்குது பௌதி. எடுக்கட்டா?"

"நான் சொல்ற வரைக்கும் விடாத."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அப்படியே படுத்துக் கிடந்தேன். குழாயில் நுரை நின்றிருந்தது. நிப்பிளை இறுக்கிவிட்டு விடு என்றேன்.

நாலு மணிக்கு சார் வந்தார். மிதித்துப் பிடித்தார். இறங்கவில்லை. "ஏறிக்கோம்மா" என்றார். பாலத்து ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அந்தப் பக்கம் வந்திருந்தோம்.

நோட்டின் முன்பக்கம் திருப்பி, அவர் வரிக்குக் கீழே எழுதினேன்: மாத்தியாச்சு.