சுவீடன் புத்தகமும் பிரிக்காத கடிதமும்

11.11.91 திங்கள்

காலையிலிருந்து மழை. குசினியில் அடுப்புக்கு மேலே கூரை இரண்டு இடத்தில் ஒழுக்கு. சட்டி வைத்தாயிற்று. குடைக்கம்பி முறிந்தது முறிந்தபடி.

வாசிகசாலையில் ஒரு கிழமையாகப் பத்திரிகை இல்லை. அலுமாரியில் சுவீடன் நாட்டைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று. வரலாறு, சமூகம், பண்பாடு எல்லாம் ஒன்றாக. முப்பது வருடப் பழசு. அட்டையின் மூலையைக் கறையான் தின்றிருக்கிறது. எடுத்து வந்தேன். வாசிக்க வேறொன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ப. 40 வரை. அந்தக் காலத்தில் ஊர்த் தேவாலயத்துக் குருவானவர் வருடா வருடம் வீடு வீடாகப் போவாராம். எசமான் முதல் வேலைக்காரி வரை இருத்தி வாசிக்கச் சொல்லி, யார் எப்படி வாசித்தார் என்று பதிவேட்டில் குறிப்பாராம். பிறந்தவர், செத்தவர், வந்தவர், போனவர் எல்லாம் அதே பதிவேட்டில். முப்பத்தொரு வருடம் கிராமசபைக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தவன் சொல்கிறேன், நல்ல வேலை. நம்மவர்கள் பிறந்த திகதியையே மூன்று விதமாகச் சொல்வார்கள்.

மனிசி பாக்கியத்துக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து முற்றிவிட்டது, பார்வை மங்கல். இன்று உப்பென்று சீனியைப் போட்டாள். சாப்பிட்டேன்.

12.11.91 செவ்வாய்

மழை விட்டு விட்டு. பி.ப. 2 மணிக்குத் தபால்காரர். சுவீடன் முத்திரை. பாக்கியத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

மூன்று வருடமாக இந்த வீட்டு நடைமுறை: கடிதம் அவளுக்கு வரும். பக்கத்து வீட்டு மாலதி வாசித்துக் காட்டுவாள். பதிலும் மாலதியே எழுதுவாள். நான் அந்த நேரம் கிணற்றடியில். இப்போது மாலதி கொழும்புக்குப் போய்விட்டாள்.

"இஞ்சருங்கோ, உந்தக் கடிதத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன்."

"மாலதி வரட்டும்."

"அவள் இனி எங்கை வரப்போறாள்? உங்களுக்கு அவன் வேண்டாமெண்டால் எனக்கு வேணும்."

கிணற்றடிக்குப் போய்விட்டேன். கடிதம் சாமித்தட்டில், விபூதிச் செம்புக்குப் பக்கத்தில், பிரிக்காமல்.

குறிப்புக்காக: 88இல் குகன் சுவீடனிலிருந்து எழுதினான், குருநகர் வேதக்காரப் பிள்ளையொன்றை, கிறிஸ்தவப் பெண்ணை, கட்டப்போகிறேன், அவளும் இங்கேதான் இருக்கிறாள் என்று. என் பதில் ஒரு வரி: "எனக்கு மகன் இல்லை." அதன்பிறகு நான் ஒரு எழுத்தும் எழுதவில்லை. சொன்னது சொன்னதுதான்.

14.11.91 வியாழன்

வாங்க வேண்டியவை: மண்ணெண்ணெய் (கிடைத்தால்), சவர்க்காரம், நீல மை, குடைக்கம்பி.

கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்: "பசளை இல்லாமல் உருளைக்கிழங்கை நட்டு, பிறகு ஆரைப் பாத்து அழுறது?" சுவீடன்காரரும் உருளைக்கிழங்கில்தான் உயிர் பிழைத்தவர்கள் என்று சொல்ல வாய் உன்னியது. 11 மணிபோல் பொம்மர் விமானம் ஒன்று சுற்றியது. வரிசை கலைந்தது. திரும்பக் கூடியபோது நான் கடைசி. மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது.

ப. 95. கல்லு நிலம், விளைச்சலும் பொய்த்துப் பஞ்சம். ஊர் ஊராகச் சனம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியிருக்கிறது. இன்றைக்கு உலகமெல்லாம் போய்ச் சேர ஆசைப்படும் நாட்டிலிருந்து! குருவானவர் பதிவேட்டில் போனவரின் பெயருக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடுவாராம்.

நமது பங்கீட்டுக் கூப்பன் அட்டையிலும் குகனின் பெயருக்குக் குறுக்கே கோடு உண்டு. போட்டவன் நான். அது அலுவலக முறை.

17.11.91 ஞாயிறு

மூடாப்பு. வெயிலும் இல்லை மழையும் இல்லை. மாவும் இல்லை, இடியப்பம் நாளைக்கு.

பெயர்கள் பற்றிய அதிகாரம். முதலில் அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாதாம். தகப்பன் பெயருக்குப் பின்னால் 'மகன்' என்று சேர்ப்பது, பெண்ணென்றால் 'மகள்'. தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அச்சொட்டாக நம்முடைய முறை. பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, இனி மாற்றக்கூடாது என்றுவிட்டது. அந்த நேரத்தில் இருந்த யாரோ ஒரு தகப்பனின் பெயர் அந்தக் குடும்பத்துக்கு அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது.

நமக்கு அது வராது. என் பெயர் குகனுக்கு முன்னால் 'வை.' என்று நிற்கும். அவன் பிள்ளைக்கு 'கு.' தான். என் கதை அவனோடு சரி.

கந்தோரில் படிவம் நிரப்ப வருகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள். "ஐயா, குடும்பப் பெயர் எண்டு கிடக்கு, என்னத்தை எழுத?" தகப்பன் பெயரை எழுது என்பேன். கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது. குகனின் பாஸ்போட் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன்.

கடிதம் இன்னும் சாமித்தட்டில். இன்றோடு ஆறு நாள்.

18.11.91 திங்கள்

மு.ப. 10. நல்ல வெயில். பாக்கியம் முற்றத்தில் நின்றாள். கடிதத்தை அவளே பிரித்துவிட்டாள். உள்ளே இருந்த படத்தை மூக்கு முட்டப் பிடித்துக்கொண்டு வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படம் தலைகீழாக இருந்தது.

என்னால் முடியவில்லை. போய் வாங்கினேன்.

"ஆர் நிக்கினம்?" என்றாள்.

"குகனும் அந்தப் பிள்ளையும். கையிலை ஒரு குழந்தை."

"குழந்தையோ! ஆரைப் போலை?"

"தலையிலை மயிரே இல்லை. ஒண்டும் சொல்லேலாது."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். கதிரை கொண்டுவந்து இருந்து வாசித்தேன். பெண்பிள்ளை. மூன்று மாதம். பெயர் நிலா. மற்றது, இதை அப்படியே எழுதிவைக்கிறேன்:

"படத்திலை எங்கடை வீட்டுக் கதவு தெரியுது அம்மா. இங்கை கதவிலை குடும்பப் பெயர் மட்டுந்தான் போடுவினம். வேலையிலை என்னை வைத்திலிங்கம் எண்டுதான் கூப்பிடுகினம். ஜெசிந்தாவும் இப்ப வைத்திலிங்கம். பிள்ளையும் வைத்திலிங்கம். அப்பா பாஸ்போட்டுக்கு எழுதினது அப்படியே நிண்டுட்டுது. மாத்தலாம் எண்டு சொன்னவை. நாங்கள் மாத்தேல்லை."

படத்தைத் திரும்பப் பார்த்தேன். கதவில் ஒரு சின்னத் தகடு. இங்கிலீசு எழுத்தில் என் பெயர். எழுத்துப் பிழை இல்லை.

குருநகர்ப் பிள்ளை என் பெயரோடு நிற்கிறது. என் வாயால் ஒரு நல்ல வார்த்தை அது கேட்டதில்லை.

பாக்கியம்: "ஏன் நிப்பாட்டிப்போட்டியள்?"

தொண்டை கரகரப்பு என்றேன். எனக்குச் சந்தோசம். வெட்கமும்தான். இது என் குறிப்புக் கொப்பிதானே, மறைக்க என்ன.

மத்தியானம் இடியப்பம், சொதி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

20.11.91 புதன்

தூறல். புத்தகம் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்னும் எழுபது பக்கம் மிச்சம், என்னிடமே இருக்கட்டும்.

நேற்று முழுக்கக் குகனுக்குக் கடிதம் எழுதினேன். நாலு தாள் கிழித்தாயிற்று. கடைசியில் கந்தோர் முறையிலேயே தொடங்கினேன். பிழையை அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பதுதான் முறை. "88ஆம் ஆண்டு நான் எழுதிய வரி பிழை. அதை அடித்துவிடவும். வை." பிறகு கூரை ஒழுக்கு, அம்மாவின் கண், ஜெசிந்தாவின் சுகம் விசாரித்து ஒரு வரி. குருவானவர் இப்போதும் வீட்டுக்கு வந்து வாசிக்கச் சொல்கிறாரா என்று ஒரு கேள்வி.

பாக்கியம் கடைசியில் கையெழுத்து வைத்தாள். வரி கோணல். இருக்கட்டும்.

மு.ப. 9.30 தபால் கந்தோர். தபாலதிபர் உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன ஐயா, அனுப்புநரும் வைத்திலிங்கம், பெறுநரும் வைத்திலிங்கம். விலாசத்தை மாறி எழுதிப்போட்டியளோ?"

"மாறேல்லை. அது என்ரை மகன் வீடு."