மலை சுற்றிய சாவி

பம்பாய், 1979

அன்புள்ள சரசு,

நான் நலம். நிறைமாதமாக இருக்கும் நம் மகள் வள்ளி எப்படி இருக்கிறாள்?

"அடுப்படியில கொஞ்சம் புகை, அவ்ளோதாங்க" என்று எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டு நூருல்லா பாய் எழுதியது வேறு. பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்குப் பயந்து அவளை உள்ளே வைத்துப் பூட்டினாயாம். தீப்பிடித்தபோது சாவி உன் இடுப்பில் மலையைச் சுற்றிக்கொண்டிருந்ததாம். கொல்லைக் கதவையும் விறகு அடைத்திருந்ததாம். "பூட்ட ஒடச்சித்தான் பொண்ண வெளிய கொண்டாந்தோம் சார்" என்கிறார்.

இதற்குப் பெயர் காவலா, சரசு? ஓய்வு பெறும்வரை, பிள்ளைகள் உள்ளே இருக்கையில் வகுப்புக் கதவை ஒருநாளாவது நான் பூட்டியிருக்கிறேனா?

இன்றே மாற்றுச் சாவியைப் பாய் மனைவி ஜாஹிராவிடம் கொடு. விறகை நகர்த்து. அடுப்பருகே ஒரு வாளி மணல் வை.

ஓய்வுக்குப் பின் வேலைக்காக வந்து இங்கே தனியாகப் படுக்கும் நானே எதிர் டீக்கடைக்காரரிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்று என்றால் திறக்க ஆள் வேண்டுமே.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. கோபம் தீரவில்லை. வள்ளியைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல்.

இராமலிங்கம்